பெய்ரூட் பாடகரின் கேசட், ஆயிரம் இசைத்தட்டு: செலவுக் கணக்கு

1977இல் பாரிஸில் பதிவான ஓர் அரபு இசைத்தொகுப்பு நூறுக்கும் குறைவான கேசட்டுகளாக வெளிவந்தது. பாடியவர் இஸ்ஸாம் ஹஜாலி, பெய்ரூட்காரர். லெபனானில் உள்நாட்டுப் போர் மூண்டு இரண்டு ஆண்டு ஆகியிருந்தது. ஊரில் இருக்க முடியாமல் பாரிஸுக்குப் போனவர், அங்கே அகப்பட்ட இசைக்காரர்களைச் சேர்த்துக்கொண்டு கிட்டார், சந்தூர், அரபுக் கவிதை, ஜாஸ், நாட்டார் மெட்டு எல்லாம் ஒன்றாகப் புழங்கும் பாட்டுகளைப் பதிந்தார். தொகுப்பின் பெயர் ‘முவாஸலாத் இலா ஜஸத் அல்-அர்த்’. 2019இல் பெர்லினின் ஹபீபி ஃபங்க் நிறுவனம் அதை வினைல் இசைத்தட்டாகக் கொண்டுவந்தது. இடையில் 42 ஆண்டுகள்.

இது தனிக் கதையும் அல்ல. ஹஜாலியின் நண்பர் ரோஜர் ஃபக்ர் 1970களின் இறுதியில் பெய்ரூட்டில் பதிந்த பாட்டுகள் கையால் நகலெடுத்த சுமார் 200 கேசட்டுகளாக நண்பர்களிடையே சுற்றின. அவை 2021இல் தட்டாயின. ஹஜாலியும் சாக்ஸஃபோன் கலைஞர் தௌஃபிக் ஃபர்ரூக்கும் இருந்த ‘ஃபிர்கத் அல்-அர்த்’ குழுவின் ‘உக்னியா’ தொகுப்புக்கு இசைக்கோப்பு செய்தவர் பாடகி ஃபைரூஸின் மகன் ஸியாத் ரஹ்பானி. அது 2022இல் மறுபடி வந்தது. சூடானின் ஸ்கார்பியன்ஸ் குழு 1980இல் குவைத்தில் வெளியிட்ட ‘ஜாஸ், ஜாஸ், ஜாஸ்’ 2018இல் மறுபடி வந்தது.

இப்படி ஒரு பாட்டை மீட்டு 1,000 தட்டு அச்சிட என்ன செலவாகும், அந்தப் பணம் யார் யார் கைக்கு எந்த வரிசையில் போகும் என்பதை இங்கே எழுதிப் பார்க்கிறேன். கீழே வரும் யூரோத் தொகைகள் எந்த நிறுவனத்தின் பேரேட்டிலிருந்தும் எடுத்தவை அல்ல. ஜெர்மனியில் இயங்கும் ஒரு சிறு லேபிளுக்கு வழக்கமாக ஆகக்கூடிய விலைகளை ஒட்டி நான் போட்ட மாதிரிக் கணக்கு. ஒரு யூரோவை 100 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் மனதில் பெருக்கிப் பார்க்க எளிது. அளவுகள், ஆண்டுகள், பௌதிகக் கணக்குகள் எல்லாம் உள்ளபடியானவை.

முதலிலேயே ஓர் எண்ணைச் சொல்லிவிடுகிறேன். 1,000 தட்டுக்கு மொத்தச் செலவு 10,550 யூரோ என்று வருகிறது. அதில் வினைலை உருக்கி அழுத்தித் தட்டாக்கும் வேலைக்குப் போவது 1,800 யூரோ, அதாவது நூற்றுக்குப் பதினேழு. வாங்குகிறவர் கையில் கனமாகத் தெரிவது தட்டு. கணக்கில் கனமாக இருப்பது மற்றதெல்லாம்.

நாடா

கேசட் நாடாவின் அகலம் 3.81 மில்லிமீட்டர். அது வினாடிக்கு 4.76 சென்டிமீட்டர் ஓடுகிறது. ஸ்டூடியோ ஸ்பூல் நாடா வினாடிக்கு 38 சென்டிமீட்டர் ஓடும். கேசட்டில் ஒலி எட்டில் ஒரு பங்கு நீளத்துக்குள் நெருக்கி எழுதப்பட்டிருக்கிறது. இருபது நிமிடப் பாட்டு 57 மீட்டர் நாடாவில் அடங்கிவிடும். அந்த 57 மீட்டரில் ஓரிடம் கசங்கியிருந்தாலும், காந்தப் பொடி உதிர்ந்திருந்தாலும் அந்த இடத்துப் பாட்டு போயிற்று. மூல ஸ்பூல் கிடைத்தால் பெரும் பாக்கியம். ஆனால் 1970களின் நடுவிலிருந்து 80கள் வரை வந்த பல ஸ்பூல் நாடாக்களில் பொடியைப் பிடித்துவைக்கும் பசை ஈரத்தை இழுத்துப் பிசுபிசுத்துப் போகிறது. அப்படியே ஓட்டினால் பாட்டு கருவியின் தலைமுனையில் ஒட்டிக்கொண்டு வந்துவிடும். 50 டிகிரி செல்சியஸுக்குச் சற்று மேலான சூட்டில் பல மணி நேரம் வாட்டி எடுத்து, அடுத்த சில வாரங்களுக்குள் பிரதி எடுத்துவிட வேண்டும்.

போர் நடந்த ஊரில், வீடு மாறி நாடு மாறிப் போன குடும்பங்களில், பெரும்பாலும் கிடைப்பது கேசட்தான். அதிலும் பிரதியின் பிரதி. இங்கேதான் வேகத்தின் கேள்வி வருகிறது. பதிந்த கருவியும் இன்று ஓட்டும் கருவியும் ஒரே வேகத்தில் ஓடியிருக்காது. நாடா 1 சதவீதம் வேகமாக ஓடினால் சுருதி 17 சென்ட் ஏறும். ஓர் அரைச்சுரம் 100 சென்ட். 3 சதவீதம் வேகமானால் 51 சென்ட், ஏறக்குறைய ஒரு கால்சுரம். மேற்கத்திய பாப் பாட்டில் அதைச் சிலர் கவனிக்காமல் விடலாம். அரபு மகாம் முறையில் கால்சுரம் என்பது ராகத்தின் அடையாளம். ஒரு பாட்டு முழுக்க ஒரே அளவு ஏறியிருந்தால் சுரங்களின் இடைவெளி கெடாது, பாடுகிறவர் மட்டும் சற்று இளையவராக, அவசரப்படுகிறவராகக் கேட்பார். பாட்டின் நடுவில் வேகம் நழுவினால் இடைவெளியே கோணிவிடும்.

சரியான வேகம் எது என்று கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. பழைய பதிவுகளில் மின்சாரத்தின் முனகல் அடியில் கேட்கும். பிரான்ஸிலும் லெபனானிலும் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். நாடாவில் அந்த முனகல் 51.5 ஹெர்ட்ஸில் நின்றால், நாடா 3 சதவீதம் வேகமாக ஓடுகிறது என்று பொருள். எல்லோரும் வடிகட்டி எறிய நினைக்கும் இரைச்சலே இங்கே அளவுகோலாகிறது. ஆகவே முனகலை நீக்குவது கடைசி வேலையாக இருக்க வேண்டும். டால்பி பி என்ற இரைச்சல் குறைப்பு முறையில் பதிந்த கேசட் என்றால் அதற்குரிய எதிர்முறையில் ஓட்ட வேண்டும், இல்லையேல் உச்சஸ்தாயி கூசும். தலைமுனையின் சாய்வை ஒவ்வொரு கேசட்டுக்கும் காதால் கேட்டுத் திருத்த வேண்டும். இந்த வேலைக்கு 30 மணி நேரம், மணிக்கு 30 யூரோ என்று 900 யூரோ எழுதுகிறேன். முழுக் கணக்கிலும் பேரம் பேசக் கூடாத தொகை என்று நான் நினைப்பது இதைத்தான். மோசமான அட்டையை அடுத்த பதிப்பில் மாற்றலாம். மோசமாக எடுத்த பிரதி நிலைத்துவிடும், ஏனெனில் அதற்குள் நாடா இன்னும் கெட்டிருக்கும்.

தடம்

தட்டின் விட்டம் 30 சென்டிமீட்டர், சுழற்சி நிமிடத்துக்கு 33⅓. ஒரு சுற்றுக்கு 1.8 வினாடி. இருபது நிமிடப் பக்கத்துக்கு 667 சுற்று. வெளித்தடம் மையத்திலிருந்து சுமார் 146 மில்லிமீட்டரிலும் உள்தடம் 60 மில்லிமீட்டரிலும் இருப்பதால், 86 மில்லிமீட்டருக்குள் 667 தடங்கள். ஒரு தடத்துக்கும் அடுத்ததற்கும் இடையே 0.13 மில்லிமீட்டர்கூட முழுதாக இல்லை. சராசரிச் சுற்றளவால் பெருக்கினால் ஒரு பக்கத் தடத்தின் நீளம் சுமார் 430 மீட்டர். கேசட்டில் 57 மீட்டரில் கிடந்த அதே பாட்டு இங்கே 430 மீட்டராக நீள்கிறது.

ஆனால் அந்த நீளம் சமமாகப் பங்கிடப்படவில்லை. முதல் பாட்டில் ஒரு வினாடி இசைக்கு 51 சென்டிமீட்டர் தடம் கிடைக்கிறது. கடைசிப் பாட்டில் அதே ஒரு வினாடிக்கு 21 சென்டிமீட்டர். உள்ளே போகப்போக உச்சஸ்தாயி மங்கும், சகர ஒலிகள் சீறும். அதனால் சந்தூரின் கம்பிகள் பளிச்சென்று ஒலிக்கும் பாட்டைப் பக்கத்தின் கடைசியில் வைக்கக் கூடாது, அமைதியான குரல்பாட்டு அங்கே பாதுகாப்பாக இருக்கும். ஆனால் கேசட்டில் பாட்டுகளின் வரிசையை இசைக்காரர் முடிவு செய்திருக்கிறார். அதை மாற்றும் உரிமை வெட்டும் பொறியாளருக்குக் கிடையாது. இசைக்காரரிடம் கேட்டு மாற்றலாம், அல்லது ஒலியளவைச் சற்றுக் குறைத்து வரிசையைக் காப்பாற்றலாம். நான் இரண்டாவதையே எழுதுவேன். கேட்கிறவர் ஒலியைக் கொஞ்சம் கூட்டி வைத்துக்கொள்ளட்டும்.

மாஸ்டரிங் 600 யூரோ, இரண்டு பக்கமும் லேக்கர் தகட்டில் வெட்ட 500. லேக்கர் என்பது 14 அங்குல அலுமினியத் தகட்டின் மேல் பூசிய மென்பூச்சு. உலகத்துக்கே இதைச் செய்துதந்த ஆலைகள் இரண்டு. அதில் ஒன்று, கலிபோர்னியாவின் பேனிங் ஊரிலிருந்த அப்பல்லோ மாஸ்டர்ஸ், 2020 பிப்ரவரி 6 அன்று எரிந்து போனது. மிஞ்சியது ஜப்பானிலுள்ள ஒன்று. ஐரோப்பிய அச்சகங்கள் சில செம்புத் தகட்டில் நேரடியாக வெட்டும் முறையை வைத்திருப்பதால் முழுதாக நின்றுவிடவில்லை. லேக்கரிலிருந்து மின்முலாம் மூலம் உலோக அச்சுகள் எடுக்க 300, மாதிரித் தட்டுகளுக்கு 150. மாதிரித் தட்டை ஒருவர் மட்டும் கேட்டு ஒப்புதல் தரக் கூடாது. ஒன்று பெய்ரூட்டுக்குப் போக வேண்டும். பாடியவர் கேட்காமல் வெளிவந்த தட்டு, எவ்வளவு அழகாக இருந்தாலும், அரைகுறை வேலை.

அழுத்தும் எந்திரம் நூறு டன்னுக்கும் மேலான விசையில், நீராவிச் சூட்டில், சுமார் 30 வினாடிக்கு ஒரு தட்டு தருகிறது. ஆயிரம் தட்டுக்கு 500 நிமிடம், எட்டு மணி இருபது நிமிடம். ஒரு வேலைநாள். 2021இல் இந்த ஒரு நாளுக்காகச் சிறு லேபிள்கள் ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை வரிசையில் நின்றன. தட்டு ஒன்று 140 கிராம், ஆயிரத்துக்கு 140 கிலோ. 180 கிராம் தட்டு கேட்டால் இன்னும் 40 கிலோ பிவிசி சேரும், விலையும் தபால் செலவும் ஏறும். தடம் ஆழமாவதில்லை, ஒலி கூடுவதில்லை. ‘180 கிராம்’ என்ற ஒட்டுச்சீட்டு விற்பனைக்கு உதவுகிறது என்பதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை. அந்தப் பணத்தைக் கையேட்டில் போடலாம்.

கையேட்டுக்குப் பிரதி ஒன்றுக்கு 75 சென்ட் வைத்திருக்கிறேன். உள்ளே வரும் பேட்டி, கட்டுரை, மொழிபெயர்ப்பு, பழைய புகைப்படங்களை ஸ்கேன் செய்வது ஆகியவற்றுக்கு 1,200 யூரோ, வடிவமைப்புக்கு 700. நூறு கேசட்டுக்கும் குறைவாக வந்த ஒரு தொகுப்பைப் பற்றி நூலகத்தில் எதுவும் இருக்காது. யார் எந்தக் கருவி வாசித்தார், எந்தக் கவிஞரின் வரி, எந்த மாதம், யார் வீட்டில் ஒத்திகை என்பதெல்லாம் அறுபது எழுபது வயதுக்காரர்களின் நினைவில் மட்டும் இருக்கிறது. இந்தக் கையேடுதான் அதன் முதல் எழுத்து ஆவணம், பல சமயம் ஒரே ஆவணமும் இதுவே. அரபி உரை கட்டாயம் இருக்க வேண்டும். ஆங்கிலத்தில் மட்டும் அச்சிட்டு நானூறு யூரோ மிச்சம் பிடித்தால், பாடியவரின் பேரப்பிள்ளைகள் தங்கள் தாத்தாவைப் பற்றி வேற்று மொழியில் படிக்க வேண்டிவரும்.

ஆளைத் தேடுவது

ஹபீபி ஃபங்கைத் தொடங்கிய யானிஸ் ஸ்டூர்ட்ஸ் 2015இல் வெளியிட்ட தொகுப்புகளில் ஒன்று மொராக்கோப் பாடகர் ஃபதூலுடையது. தட்டு காசாபிளாங்காவில் கிடைத்தது. ஃபதூல் 1991இலேயே இறந்திருந்தார். குடும்பத்தைத் தேடிக் கண்டுபிடித்த பிறகே வெளியீடு நடந்தது. இந்தத் தேடலுக்கு விலைப்பட்டியல் கிடையாது. பெய்ரூட்டுக்கு ஒரு பயணம், தங்கும் செலவு, போன், சாப்பாடு என்று 1,100 யூரோ எழுதுகிறேன். ஒரே பயணத்தில் ஆள் கிடைத்தால் அது அதிர்ஷ்டம்.

ஆள் கிடைத்த பிறகு உரிமை. ஒரு பாட்டில் குறைந்தது மூன்று உரிமை உண்டு: மெட்டமைத்தவருடையது, வரி எழுதியவருடையது, பதிவைச் சொந்தமாக வைத்திருப்பவருடையது. ‘உக்னியா’வில் மஹ்மூத் தர்வீஷ், ஸமீஹ் அல்-காஸிம், தௌஃபிக் ஸியாத் ஆகிய பாலஸ்தீனக் கவிஞர்களின் வரிகள் உள்ளன. லெபனானின் 1999ஆம் ஆண்டு 75ஆம் எண் சட்டப்படி ஆசிரியர் இறந்து 50 ஆண்டு வரை பதிப்புரிமை நிற்கும். தர்வீஷ் 2008இல் இறந்தார். ஆக 2058 வரை அவருடைய வாரிசுகளுக்குப் பங்கு உண்டு. ஐரோப்பிய நாடுகளின் விதி 70 ஆண்டு. பதிவு செய்த நிறுவனம் மூடிப் போயிருக்கலாம், அதன் உரிமை யாரிடம் போனது என்று தெரியாமல் இருக்கலாம். ஹஜாலியும் ஃபக்ரும்போலத் தாங்களே பதிந்து தாங்களே நகலெடுத்தவர்கள் விஷயத்தில் இது எளிது, பதிவு அவர்களுடையதே.

விளம்பரத்துக்கு 1,000 யூரோ சேர்த்துக்கொண்டு கணக்கை ஒருமுறை வரிசையாகப் போடுகிறேன்.

ஒருமுறைச் செலவு, யூரோவில்:
நாடா மீட்பு 900
மாஸ்டரிங் 600
லேக்கர் வெட்டு 500
மின்முலாம், அச்சுகள் 300
மாதிரித் தட்டு 150
எழுத்து, பேட்டி, மொழிபெயர்ப்பு 1,200
வடிவமைப்பு 700
பயணம் 1,100
விளம்பரம் 1,000
கூடுதல் 6,450

பிரதி ஒன்றுக்கு:
தட்டு அழுத்த 1.80
நடுச்சீட்டு, உள்ளுறை 0.35
வெளியட்டை 0.80
கையேடு 0.75
கோத்துப் பொதிய 0.20
கிடங்குக்கு ஏற்ற 0.20
கூடுதல் 4.10, ஆயிரத்துக்கு 4,100

இரண்டும் சேர்ந்து 10,550.

24 யூரோ எங்கே போகிறது

கடையில் விலை 24 யூரோ என்று வைப்போம். ஜெர்மனியில் இசைத்தட்டுக்கு 19 சதவீத வரி, அது 3.83 யூரோ. கடைக்காரர் 14.50க்கு வாங்குகிறார் என்றால் அவருக்கு 5.67. விநியோகஸ்தர் 14.50இல் கால்பங்கு எடுத்தால் 3.63. லேபிளுக்கு வந்து சேர்வது 10.87. இதிலிருந்து மெட்டமைத்தவருக்கும் கவிஞருக்கும் சங்கத்தின் வழியாகச் சேர வேண்டிய பதிப்புரிமைத் தொகையைக் கடைக்காரர் வாங்கும் 14.50இல் 9 சதவீதம் என்று எடுத்துக்கொள்கிறேன்: 1.31. தயாரிப்புச் செலவு 4.10 போனால் மீதி 5.46.

ஆயிரம் தட்டும் விற்பனைக்கு வராது. இசைக்காரருக்கு 20, வானொலிக்கும் பத்திரிகைக்கும் 20. மிச்சம் 960. அத்தனையும் கடைகளின் வழியாக விற்றால் வரவு 10,435. செலவு 10,550. அதன் மேல் பதிப்புரிமைத் தொகை 1,258. ஒரு தட்டுகூடத் தேங்காமல் விற்றும் 1,373 யூரோ நஷ்டம்.

அதனால்தான் சிறு லேபிள்கள் நேரடி விற்பனையை நம்பி இருக்கின்றன. பேண்ட்கேம்ப் தளம் பொருள்களுக்கு 10 சதவீதமும் டிஜிட்டல் கோப்புகளுக்கு 15 சதவீதமும் எடுக்கிறது. 24 யூரோவில் வரி, தளத்தின் 2.40, பணம் செலுத்தும் கட்டணம் 0.96, பெட்டிக்கு ஒரு யூரோ போக லேபிளுக்கு 15.81 நிற்கும். கடை வழியைவிட 4.94 அதிகம். 960இல் 300 தட்டு இப்படிப் போனால் நஷ்டம் மறைந்து 109 யூரோ லாபம் காட்டும்.

ஹபீபி ஃபங்க் உரிமையை விலைக்கு வாங்கி வைத்துக்கொள்வதில்லை. இசைக்காரரிடமோ குடும்பத்திடமோ உரிமம் பெற்று லாபத்தைப் பாதிக்குப் பாதி பிரித்துக்கொள்கிறது, இதை வெளிப்படையாகவும் சொல்கிறது. ஐரோப்பியர் அரபு இசையை அள்ளிக்கொண்டு போகிறார்கள் என்ற நியாயமான குற்றச்சாட்டுக்கு இதைவிட நேரான பதில் இல்லை. பல பழைய ஒப்பந்தங்களில் பாடகருக்கு ஐந்து, எட்டு சதவீதம் என்று எழுதிய காலத்தோடு ஒப்பிட்டால் பாதி என்பது பெரிய மாற்றம். ஆனால் என் மாதிரிக் கணக்கில் அந்தப் பாதி எவ்வளவு? முதல் ஆயிரம் முழுதும் விற்ற பிறகு, 109இல் பாதி. ஐம்பத்தைந்து யூரோகூட முழுதாக இல்லை.

இங்கேதான் நான் சொல்ல வந்தது இருக்கிறது. நாடாவை வாட்டுகிறவர், தகடு வெட்டுகிறவர், முலாம் பூசுகிறவர், அட்டை வரைகிறவர், பெட்டி கட்டுகிறவர் எல்லோருக்கும் பணம் செலவுப் பக்கத்தில் எழுதப்படுகிறது. தட்டு விற்றாலும் விற்காவிட்டாலும் அவர்களுக்குக் கிடைத்துவிடும். பாட்டை உண்டாக்கியவர் ஒருவருக்கு மட்டும் பணம் கடைசி வரியில், மிச்சத்தில் நிற்கிறது. நஷ்டத்தின் அபாயத்தை லேபிளோடு அவரும் சுமக்கிறார், முடிவெடுக்கும் அதிகாரம் மட்டும் அவரிடம் இல்லை. லாபத்தில் பாதி என்பது நல்ல விதி. அதற்கு முன்னால், செலவுப் பக்கத்தில், திருப்பிக் கழிக்காத ஒரு முன்பணம் இருக்க வேண்டும்.

2,000 யூரோ முன்பணம் எழுதிப் பார்க்கலாம். முதல் பதிப்பு 1,891 நஷ்டத்தில் முடியும். பிறகு 500 தட்டு மறுபதிப்பு. புது அச்சுகள் சேர்த்துப் பிரதிக்கு 5 யூரோ ஆகும் என்றால் 2,500 செலவு, வரவு 5,435, பதிப்புரிமைத் தொகை 655. நிகரம் 2,280. முந்திய நஷ்டத்தைக் கழித்தால் 389 லாபம், ஆளுக்குச் சுமார் 195. இசைக்காரருக்கு மொத்தம் 2,195. முன்பணம் இல்லாமல் வெறும் பாதிப் பங்கு என்றால் அதே 1,500 தட்டில் அவருக்கு 1,195. வித்தியாசம் ஆயிரம் யூரோ. அதைவிடப் பெரிய வித்தியாசம் காலம்: 2,000 ஒப்பந்தம் போட்ட வாரம் கையில் இருக்கும். 1,195இல் பெரும்பகுதி மறுபதிப்பு விற்றுத் தீர்ந்த பிறகு, ஓரிரு ஆண்டு தள்ளி வரும். எழுபது வயதில் இருப்பவருக்கு ஓரிரு ஆண்டு சிறிய விஷயம் அல்ல.

லேபிளின் பக்கமும் பார்க்க வேண்டும். இந்தக் கணக்கில் லேபிளை நடத்துபவரின் சம்பளம் எங்கும் இல்லை. 1,500 தட்டு அச்சிட்டு 195 யூரோ என்றால் அவர் வேறு தொழில் செய்துதான் சாப்பிட வேண்டும். அதனால் முன்பணம் 1,000 என்று குறைத்தால் தவறில்லை. அப்போது இசைக்காரருக்கு 1,695, லேபிளுக்கு 695. ஆனால் பூஜ்யமாகக் குறைப்பதை ஏற்க முடியாது. டிஜிட்டல் கோப்புகளில் வரும் வரவுக்கு அச்சகச் செலவே இல்லை, அதில் முதல் நாளிலிருந்தே பாதி கொடுக்க முடியும். அதைத் தட்டின் நஷ்டத்தோடு கலந்து கழிக்காமல் தனிக் கணக்காக வைப்பது நாணயமான முறை.

பதிப்புரிமைத் தொகைக்கும் ஒரு வார்த்தை. 1,500 தட்டுக்கு அது 1,913 யூரோ. இது லாப நஷ்டத்தைப் பார்க்காத பணம். ஜெர்மனியின் கெமா சங்கம் வசூலித்துப் பிரெஞ்சு சங்கமான ஸாசெம் வழியாகப் பெய்ரூட்டுக்கு அனுப்பலாம், ஸாசெமுக்கு லெபனானில் கிளை உண்டு. ஆனால் 1977இல் கையால் கேசட் நகலெடுத்த இளைஞர் எந்தச் சங்கத்திலும் பாட்டைப் பதிந்திருக்கமாட்டார். பதியாத பாட்டுக்கு வந்த பணம் வழியிலேயே நின்றுவிடும். படிவங்களை நிரப்பிப் பதிவு செய்துகொடுப்பது லேபிளின் வேலையாக ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். செலவு ஒரு மத்தியான நேரம்.

பெய்ரூட்டுக்குப் பணம்

லெபனான் பவுண்டின் மதிப்பு 1997 முதல் டாலருக்கு 1,507.5 என்று கட்டிவைக்கப்பட்டிருந்தது. 2019 அக்டோபரில் வங்கிகள் முடங்கின. சேமிப்பு வைத்திருந்தவர்கள் தங்கள் டாலரையே எடுக்க முடியாமல் போனது. 2023 பிப்ரவரியில் அதிகாரபூர்வ மதிப்பு 15,000 ஆனது. பின்னர் 89,500இல் வந்து நின்றது. 59 மடங்குச் சரிவு. இந்த ஆண்டுகளில்தான் ஹஜாலி, ஃபக்ர், ஃபிர்கத் அல்-அர்த் தொகுப்புகள் வெளியாயின. 2020இல் ஒரு லேபிள் பழைய வங்கிக் கணக்குக்குப் பணம் போட்டிருந்தால் அது கணக்கேட்டில் எண்ணாக இருந்திருக்கும், கடையில் ரொட்டி வாங்க உதவியிருக்காது. வெளியிலிருந்து வரும் டாலரை ரொக்கமாகவே தரும் தனிக் கணக்கு, அல்லது பணம் அனுப்பும் முகவர், அல்லது கையோடு கொண்டுபோய்க் கொடுப்பது என்று மூன்றே வழி. அனுப்பும் கட்டணத்தை யார் தருவது என்பதையும் எழுதிவைக்க வேண்டும். பெறுகிறவர் தலையில் கட்டுவது வழக்கமாகிவிட்டது, கட்டக் கூடாது.

2020 ஆகஸ்ட் 4 அன்று பெய்ரூட் துறைமுகம் வெடித்தது. சில நாளில் ஹபீபி ஃபங்க் ஒரு தொகுப்பை டிஜிட்டலாக வெளியிட்டு, வருமானத்தை லெபனான் செஞ்சிலுவைச் சங்கத்துக்கு என்று அறிவித்தது. அச்சகம் இல்லை, அட்டை இல்லை, விநியோகஸ்தர் இல்லை. மேலே போட்ட 10,550இல் ஆகப் பெரும்பகுதி இல்லாமல் பாட்டு போய்ச் சேர்ந்தது, பணமும் திரும்பியது. ரோஜர் ஃபக்ரின் பாட்டுகள் அதில் இடம்பெற்றன. அவருடைய முழுத் தொகுப்பு அடுத்த ஆண்டு வந்தது.

பழைய அசல் பிரதிகளைச் சேகரிப்பவர்கள் பெருந்தொகைக்குக் கைமாற்றிக்கொள்கிறார்கள். அந்த விற்பனையில் இசைக்காரருக்கு வருவது பூஜ்யம். ஓவியம், சிற்பம் கைமாறும்போது கலைஞருக்கு ஒரு பங்கு தர வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியத்தின் 2001ஆம் ஆண்டு ஆணை சொல்கிறது. இசைத்தட்டுக்கு அது பொருந்தாது. மறுபதிப்பு வந்தால்தான் அவர் மறுபடி கணக்குக்குள் வருகிறார். எண்ணிட்ட 300 பிரதி மட்டும், இனி அச்சிடமாட்டோம் என்று அறிவிக்கும் முறை எனக்கு உடன்பாடில்லாததன் காரணம் இது. ஒருமுறைச் செலவு 6,450ஐ 300 தட்டின் தலையில் வைத்தால் தட்டுக்கு 21.50 யூரோ, தட்டின் விலை 40, 50 என்று ஏறும். ஆறு மாதத்தில் அது சேகரிப்போர் சந்தைக்குப் போய்விடும். இசைக்காரர் பங்கு பெறக்கூடிய மறுபதிப்புக்கோ வழியே அடைபட்டுவிடும்.

கடைசியாக ஒப்பந்தத்தில் நான் பார்க்க விரும்பும் வரிகள். உரிமம் காலவரையறை உள்ளதாக இருக்கட்டும், ஏழு ஆண்டு என்று வைக்கலாம். கணக்கு ஆண்டுக்கு இருமுறை, ஜூன் 30இலும் டிசம்பர் 31இலும் முடித்து, விற்றது, தேங்கியது, இலவசமாகக் கொடுத்தது மூன்றையும் எண்ணிக்கையோடு காட்டட்டும். நாற்பது நிமிடப் பாட்டை 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் தரத்தில் எடுத்த கோப்பு சுமார் 1.4 ஜிகாபைட். சட்டைப்பையில் போகும் பென்டிரைவில் அடங்கும். சுத்தம் செய்யாத மூலப் பிரதி, மாஸ்டர் செய்த பிரதி இரண்டும் நாடா மீட்ட மாதமே இசைக்காரருக்குப் போகட்டும். 900 யூரோ கொடுத்தது லேபிள் என்றாலும் பாட்டு அவருடையது. உரிமம் முடியும் நாளில் முலாம் அச்சகத்தில் கிடக்கும் உலோக அச்சுகளைப் பெய்ரூட்டுக்கு அனுப்பும் செலவையும் லேபிளே ஏற்கட்டும். அடுத்த பதிப்பை அவரோ அவர் பிள்ளைகளோ வேறு யாரிடம் வேண்டுமானாலும் கொடுத்து, மின்முலாத்துக்கும் வெட்டுக்கும் மறுபடி 800 யூரோ அழாமல் அச்சிட்டுக்கொள்ளலாம்.